பழுதான ஃபிரிட்ஜ்: சரிசெய்வதா, மாற்றுவதா, பணத்தைத் திரும்பக் கேட்பதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஜூன் மாதம் 9,499 ரேண்டுக்கு வாங்கிய ஃபிரிட்ஜ், புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமையன்று காலை வாரிவிட்டது. மேலே ஃப்ரீசரில் பனி கல்லாக இறுகியிருக்க, கீழ்த்தட்டில் படையலுக்கு வைத்திருந்த பால் திரிந்து போயிருந்தது. கடை அனுப்பிய மெக்கானிக் உள்ளிருந்த பலகையைக் கழற்றிக் காட்டினார். விசிறி சுற்ற இடமில்லாமல் பனி பாளமாக அடைத்திருந்தது. சென்சாரை மாற்றினால் போதும் என்று சொல்லி, பழுதுபார்க்கச் சம்மதம் என்ற தாளை நீட்டினார். நான் கையெழுத்திடவில்லை.

தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, பொருள் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் பழுது தெரிந்தால், சரிசெய்வது, வேறு பொருள் பெறுவது, பணத்தைத் திரும்பப் பெறுவது ஆகிய மூன்றில் ஒன்றை வாங்கியவரே தேர்ந்தெடுக்கலாம். பணம் திரும்பத் தரப்படமாட்டாது என்று கடைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தாலும் இந்த உரிமை போகாது. நிறம் பிடிக்காததெல்லாம் பழுதாகாது என்பதையும், ரசீது கையில் இருக்க வேண்டும் என்பதையும் விளக்கத் தேவையில்லை.

மூன்று வழிகளும் பார்வைக்குச் சமமாகத் தோன்றினாலும், சரிசெய்யச் சம்மதித்த கணத்திலேயே தேர்வு நம் கையை விட்டு நழுவத் தொடங்குகிறது என்பதே என் முடிவைத் தீர்மானித்தது. பழுதுபார்த்த 3 மாதத்துக்குள் கோளாறு தீராமலிருந்தாலோ வேறு கோளாறு தெரிந்தாலோ, கடைக்காரர் பொருளை மாற்றித் தர வேண்டும், அல்லது பணத்தைத் தர வேண்டும். ஆனால் அப்போது எதைத் தருவது என்பதை முடிவு செய்பவர் அவர். அந்த 3 மாதமும் கழிந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். என் மைத்துனரின் வாஷிங் மெஷின் மூன்றாம் மாதத்தில் பழுதாகி, சரிசெய்யப்பட்டு, நான்கு மாதம் ஓடியபின் மறுபடி நின்றது. 6 மாதமும் போய், 3 மாதமும் போய், கம்பெனியின் ஓராண்டு வாரண்டி மட்டுமே மிஞ்சியது. அதுவோ மீண்டும் பழுதுபார்க்க மட்டுமே இடம் கொடுத்தது.

அதற்காகச் சரிசெய்வதே கூடாது என்று சொல்லமாட்டேன். கதவின் ரப்பர் விளிம்பு கிழிந்திருந்தால் நானே அதைத்தான் கேட்டிருப்பேன். வேறு பொருள் பெறும் வழியில் எனக்கு அனுபவமில்லை. அதே மாடலில் இன்னொன்று என்றதும் மனம் ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

பணத்தைத் திரும்பப் பெறுவது என்ற என் முடிவைக் கடைக்குக் கடிதமாக எழுதிக் கொடுத்தேன். கடை மறுத்தால் நுகர்பொருள், சேவைகளுக்கான குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 20,000 ரேண்ட் வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலே சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். நான் அந்தப் படிகளை ஏறவில்லை என்பதால், அங்கே எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை ஏறியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

பணம் தரச் சம்மதித்த பிறகும், ஃபிரிட்ஜை எடுத்துப்போக வேன் கூலியாக 350 ரேண்டைக் கழிப்போம் என்றார்கள். பழுதான பொருளைத் திருப்பும் செலவு விற்றவரையே சேரும் என்று அதே 56ஆம் பிரிவில் எழுதியிருப்பதைக் காட்டினேன். தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு 9,499 ரேண்டும் குறையாமல் கணக்கில் ஏறியது.