உறைந்த மஞ்சள் சோறும் ஃபிளாஸ்கில் போன சொதியும்

போன டிசம்பரில் மகளின் முன்பள்ளி ஒளிவிழாவுக்கு நான் கொண்டு போனது மஞ்சள் சோறு. நானுஓயாவில் காலை ஆறு மணிக்கு இறக்கி, சில்வர் சட்டியோடு மூடிக் கட்டி, எட்டு மணி பஸ்ஸில் நுவரெலியாவுக்குக் கொண்டுபோய் மண்டபத்து மேசையில் வைத்தாயிற்று. பாட்டு, ஆட்டம், நத்தார் தாத்தா எல்லாம் முடிந்து பிள்ளைகள் சாப்பிட உட்காரும்போது மணி பன்னிரண்டரை. மூடியைத் திறந்தால் சோறு சட்டியின் வடிவத்திலேயே நிற்கிறது. கரண்டியால் குத்தினால் கேக் மாதிரித் துண்டாக வருகிறது. ஓரமெல்லாம் மெழுகு பூசியது போல வெள்ளைப் படலம். முன்னால் கோப்பையோடு நின்ற ஒரு பையன், "டீச்சர், இது சவர்க்காரமா?" என்று கேட்டான்.

சோறு கெட்டுப் போகவில்லை. தேங்காய்ப்பால்தான் சதி செய்தது. தேங்காய்க் கொழுப்பு 24 பாகை செல்சியஸுக்குக் கீழே போனால் உறையத் தொடங்கிவிடும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவில்தான். தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்ப் போத்தலை தினமும் அடுப்போரம் வைத்து உருக்குகிற எனக்கு, அதே எண்ணெய்தான் சோற்றுக்குள்ளும் இருக்கிறது என்பது அன்று காலை தோன்றவில்லை. கொழும்பில் இருந்துகொண்டு "முதல் நாளே சமைத்து வைக்கலாம்" என்று சமையல் குறிப்பு சொல்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

இந்த வருடமும் முன்பள்ளியிலிருந்து அறிவித்தல் துண்டு வந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு பிரதான சாப்பாடு. கச்சான் வேண்டாம், இறைச்சி வேண்டாம். கார்த்திகையில் மாலை போட்டு ஐயப்ப விரதத்தில் இருக்கும் வீடுகள் நாலைந்து இருக்கின்றன. ஹலால் பார்க்கும் வீடுகளும் இருக்கின்றன. மரக்கறி என்றால் எல்லாரும் ஒரே மேசையில் உட்காரலாம். மண்டபத்தில் இருப்பது ஒரே ஒரு காஸ் அடுப்பு, அதிலிருந்து தேத்தண்ணிக் கேத்தல் இறங்கவே இறங்காது. ஆகவே சூடாக்க வழியில்லை. காலையில் கட்டியது பகல் பன்னிரண்டரைக்கு எப்படி இருக்கிறதோ அதுதான் சாப்பாடு.

சரி, இந்த முறை பரிசோதித்தே போவோம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கினேன். காலை ஏழுக்குள் கட்டி, பின்வாசல் மேசையில் வைத்து, பன்னிரண்டரைக்குத் திறப்பது. நீதிபதிகள் மூன்று பேர்: நாலு வயதில் என் மகள், ஆறிலும் ஒன்பதிலும் மதினியின் பையன்கள். பெரியவர்கள் பக்கம் அம்மாயி.

முதலில் ஒரு வாதத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எல்லா வீட்டிலும் இது வரும். "ராத்திரியே ஆக்கி வச்சா என்னா? நம்ம ஊரே பிரிஜ்தானே" என்றார் மதினி. இல்லை. பிரிஜ் என்றால் 5 பாகைக்குக் கீழே. நம் குசினி எவ்வளவு குளிர்ந்தாலும், அடுப்பெரிந்த வீட்டில் ராத்திரி பன்னிரண்டு, பதினைந்து பாகை இருக்கும். அரிசியோடு வரும் ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. ஆக்கிய சோறு வெளியே ஆறிக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சு விடும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வயிற்றால் போவதும் வாந்தியும் பெரியவனுக்கு ஒரு நாள் தொல்லை, நாலு வயதுப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரி. சோறு ஒன்று சூடாகவே இருக்க வேண்டும், அல்லது இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆறவிட்டு உண்மையான பிரிஜ்ஜுக்குள் போக வேண்டும்.

மஞ்சள் சோற்றுக்கு மறுவாய்ப்புக் கொடுத்தேன். பாலைப் பாதியாகக் குறைத்து, மீதிக்குத் தண்ணீர். ஏலம், கராம்பு, கறுவாவைத் துணியில் முடிந்து போட்டு இறக்கும்போது எடுத்துவிட்டேன் (கராம்பு கடித்த பிள்ளை அதற்குப் பிறகு எதையும் தொடாது). முக்கியமான மாற்றம், சட்டியைத் தாத்தாவின் பழைய கருப்புக் கம்பளியில் இரண்டு சுற்றுச் சுற்றி அரிசிப் பெட்டிக்குள் இறக்கியது. அந்தக் கம்பளியில்தான் ஒரு காலத்தில் அம்மாயி மழைக்குக் கொழுந்தெடுக்கப் போனார். ஒரு கிலோ அரிசிச் சோறு, சட்டி நிறைய, இடைவெளியில்லாமல். பன்னிரண்டரைக்குத் திறந்தபோது ஆவி வந்தது. சட்டி நிறைந்திருப்பதுதான் இதில் சூட்சுமம். அரைச் சட்டிச் சோறு பத்து மணிக்கே ஆறிவிடும். பொட்டலமாகக் கட்டினால் இன்னும் சீக்கிரம்.

ஆனால் மஞ்சள் சோறு தனியாக வராது. உருளைக்கிழங்குக் கறி, கஜுக் கறி, கத்தரிக்காய் என்று பரிவாரத்தோடுதான் வரும். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் கம்பளி மூட்டை, கறிச் சட்டியை யார் பிடிப்பது? சொந்த வாகனம் உள்ளவர்களுக்கும், மண்டபத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் இதைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். பஸ்காரர்களுக்கு இல்லை.

மக்ரோனியில்தான் பிள்ளைகளின் மனசு. அவித்து, வெள்ளைச் சோஸில் கலந்து, மேலே சீஸ் தூவி, ராத்திரியே தட்டில் அமுக்கி பிரிஜ்ஜில் வைத்துவிட்டால் காலையில் அவனில் (ஓவன் அடுப்பில்) தள்ளுவது மட்டும்தான் வேலை. முட்டையும் பாலும் சேர்த்தால் ஆறிய பிறகும் சதுரமாக வெட்டலாம், கையில் பிடித்துக்கொண்டே ஓடலாம். ஒன்பது வயது நீதிபதி மூன்று சதுரம் சாப்பிட்டுவிட்டு நாலாவதைக் காற்சட்டைப் பையில் போட்டான். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பக்கற்றில் எழுதியிருக்கும் நிமிடங்கள் கடல் மட்டத்துக்கானவை. 1,868 மீற்றர் உயர நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், அதனால் இரண்டு மூன்று நிமிடம் கூட விட வேண்டும். இரண்டாவது, ராத்திரி முழுக்க மக்ரோனி சோஸை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், ஆகவே கஞ்சி போலத் தண்ணியாகவே ஊற்றுங்கள்.

பிறகு ஏன் முதலிடம் தரவில்லை? அவன் அடுப்பு இல்லாத வீடுதான் இங்கே அதிகம், சீஸின் விலையோ கேட்கவே வேண்டாம். முட்டை சேர்த்தால் மாலை போட்ட வீடுகள் ஒதுங்கும், சேர்க்காவிட்டால் துண்டு போட வராது. அம்மாயி ஒரு சதுரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. சாப்பாடு எப்ப வரும்?" என்றார். மண்டபத்தில் அவன் அடுப்பு இருந்து, முட்டைக்குத் தடையும் இல்லையென்றால் நான் யோசிக்காமல் இதையே எடுத்துப் போவேன்.

புளிச்சோறு பெரியவர்களின் வெற்றியாளர். புளிக்காய்ச்சலை ஒரு வாரம் முன்பே செய்து போத்தலில் வைக்கலாம், காலையில் சோற்றை ஆக்கிக் கிளற வேண்டியதுதான். நல்லெண்ணெய் நம் குளிருக்கு உறையாது. யாத்திரை போகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக இதைக் கட்டிக்கொண்டு போனதில் காரணம் இருக்கிறது. என் மகள் ஒரு வாய் வைத்தாள், ஒரு கண்ணை மூடினாள், கோப்பையைத் தள்ளினாள். சர்க்கரை கூட்டி, செத்தல் மிளகாயைக் குறைத்து மறுபடி செய்தேன். பெரிய பையன் சாப்பிட்டான், சின்னவன் இல்லை. கச்சானை எடுத்துவிட்டால் பெரியவர்களும் "என்னமோ குறையுது" என்கிறார்கள். பெரியவர்கள் மட்டும் கூடுகிற இடமென்றால் வேறெதையும் தேட மாட்டேன்.

ரொட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் நம் சாப்பாடு. மலையில் பத்து மணிக்கு ஆறிப்போன ரொட்டியைப் பிய்த்துத் தின்பதில் ஒரு ருசி உண்டு, அம்மாயிக்கு இன்றைக்கும் அதுதான் இஷ்டம். போன வருடம் ஒரு தாய் கொண்டுவந்த ரொட்டிப் பெட்டியை மேசைக்கடியிலேயே வைத்திருந்துவிட்டு அப்படியே திருப்பிக் கொண்டு போனார். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனாலும் பிள்ளைகள் கணக்கில் பார்த்தால், வெந்நீரில் பிசைந்தாலும் பகலுக்கு அது அட்டையாகிவிடுகிறது, பால்பல்லுக்கு முடியாது. தினமும் காலையில் பார்க்கிற முகம் வேறு. லம்ப்ரைஸ் என்று யாரோ சொன்னார்கள். இலையில் கட்டிச் சுடுவது முன்கூட்டிச் செய்ய அருமையான முறைதான், ஆனால் அதற்குள் போகிற ஐந்தாறு வகையைச் சமைக்க எனக்கு மூன்று கை வேண்டும், உறைப்பு வேறு. பேக்கரி பணிஸ் சாப்பாடல்ல, சமாளிப்பு.

இனி இடியப்பம். இதை நான் கடைசியில்தான் செய்து பார்த்தேன், அதுவும் அரை மனதோடு. அரிசி மா என்பதால் இதுவும் குளிரில் விறைக்கும் என்று நினைத்தேன். விறைக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த விறைப்பே இங்கே உதவி. சுடச்சுட இடியப்பத்தை உதிர்த்தால் களியாகிவிடும். முந்தின சாயங்காலம் பிழிந்து அவித்து, சுளகில் பரப்பி ஆறவிட்டு, பெட்டியில் மூடி பிரிஜ்ஜில் வைத்தது காலையில் கையால் பிசிறினால் நூல் நூலாகப் பிரிகிறது. ஒரு கிலோ மாவில் என் தட்டளவுக்கு எழுபது சொச்சம் வரும், இருபது பிள்ளைகளுக்குக் கண்டு மிஞ்சும். மாவுக்குத் தண்ணீர் ஊற்றும்போது கேத்தலை அடுப்பிலிருந்து எடுத்த கையோடு ஊற்றுங்கள். நம் கொதிநீரே 94 பாகைதான், அதை மேசைவரை கொண்டுபோய் யோசித்துக்கொண்டு நின்றால் மா வேகாமல் பிழியும்போது அறுந்து அறுந்து விழும்.

காலையில் சூரியகாந்தி எண்ணெயில் வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, லீக்ஸையும் கரட்டையும் அரிசி அளவுக்குப் பொடியாக வெட்டி வதக்கினேன். லீக்ஸின் பச்சைப் பகுதி பெரிதாகத் தெரிந்தால் பிள்ளைகள் பொறுக்கி எடுத்து ஓரத்தில் அடுக்கிவிடுவார்கள், நான் எண்ணியிருக்கிறேன். சோயா மீட்டை ஊறவைத்துப் பிழிந்து உதிர்த்துப் பொரித்துச் சேர்த்தேன். கோழி வாசனை போட்ட பக்கற்றை விரத வீடுகள் தொடாது, வாசனையில்லாததாகப் பார்த்து வாங்குங்கள். கடைசியில் உதிர்த்த இடியப்பத்தைக் கொட்டி, உப்புத் தண்ணீர் ஒரு கை தெளித்து, நன்றாகச் சூடேறும்வரை கிளறி, மூடிக் கட்டியாயிற்று.

பன்னிரண்டரைக்குத் திறந்தால் கட்டியில்லை, உதிரியாக இருக்கிறது. ஆனால் ஜில்லென்று, கொஞ்சம் வரட்சியாக. "பிள்ளைக்குத் தொண்டையில நிக்கும்" என்றார் அம்மாயி. அவர் சொன்னதுதான் சரி. வழியும் அவர்தான் காட்டினார்: "சொதிய ஃபிளாஸ்குல ஊத்திக்கிட்டுப் போயேன்."

தேத்தண்ணி ஃபிளாஸ்க் இல்லாத வீடு இந்தப் பக்கம் உண்டா? அதில் முதலில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, சொதியைக் கழுத்துவரை ஊற்றி மூடினேன். முதல் முறை பச்சை மிளகாயும் வெங்காயமும் அப்படியே போக, மண்டபத்து ஒத்திகையாக வைத்த மேசையில் ஃபிளாஸ்க் வாய் அடைத்துக்கொண்டது. கவிழ்த்துக் குலுக்கியதில் சட்டென்று பீறிட்டு மேசை விரிப்பெல்லாம் மஞ்சள். இரண்டாம் முறை வடிகட்டிவிட்டேன். ஒரு உருளைக்கிழங்கை அவித்து மசித்துக் கரைத்தால் சொதி கொஞ்சம் தடிக்கும், இடியப்பத்தில் ஒட்டும். இரண்டாம் பாலிலேயே மஞ்சளும் வெங்காயமும் கொதித்து முடியட்டும். முதற்பாலை ஊற்றியபிறகு கலக்கிக்கொண்டே இருந்து, பொங்க விடாமல், ஆவி நன்றாகப் பறக்கும் சூட்டில் இறக்குங்கள், இல்லாவிட்டால் திரிந்துவிடும். தேசிக்காய்ப் புளி இறக்கிய பிறகுதான்.

அந்தச் சொதி பகலில் கையைச் சுடுகிற சூட்டில் வந்தது. ஒரு கரண்டி மேலே ஊற்றியதும் விறைத்த நூல்கள் இளகிவிட்டன. தேங்காய்ப்பால் சூட்டிலேயே இருப்பதால் உறைவதற்கும் இடமில்லை. போன வருடம் என்னைக் கவிழ்த்த அதே பால்தான். நாலு வயதுக்காரி இரண்டாம் தரம் கேட்டாள், ஆனால் "மஞ்சத் தண்ணி நெறைய" என்ற நிபந்தனையோடு.

குறையும் சொல்லிவிடுகிறேன். பிரிஜ் இல்லாத வீட்டில் ராத்திரிப் பிழிவு நடக்காது. விடிகாலையில் பிழிய வேண்டும், அல்லது இடியப்பம் விற்கிற வீட்டில் சொல்லிவைத்து வாங்கி ஒரு மணித்தியாலம் பரப்பி ஆறவிட வேண்டும். எழுபது இடியப்பம் பிழிந்த கை அடுத்த நாள் சீப்புப் பிடிக்காது. ஃபிளாஸ்கில் சொதி வாசம் மூன்று நாள் நிற்கும். அப்பச் சோடாவும் வெந்நீரும் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்தும், கருவேப்பிலைத் தேத்தண்ணி குடித்தேன் என்று என் வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

டீச்சரின் கொப்பியில் என் பெயருக்கு நேரே இடியப்பம் என்று எழுதிவிட்டேன். அதற்குக் கீழே மதினியின் கையெழுத்தில் மஞ்சள் சோறு.

"போன வருசம் பார்த்துமா மதினி?" என்றேன்.

"உங்கிட்ட இருக்கது ஃபிளாஸ்கு. எனக்குக் கம்பளியக் குடு" என்றார். நேற்றே வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். கறிச் சட்டியை நான்தான் பிடிக்க வேண்டுமாம்.