வெள்ளைக் கூடத்துக்கு ஒரு பவானி ஜமக்காளம்

சுவர், திரைச்சீலை, சோபா என எல்லாமே வெள்ளையாக இருந்து மருத்துவமனையின் காத்திருப்பு அறையை நினைவூட்டிய எங்கள் கூடத்துக்காக, ஈரோடு மாவட்டத்துப் பவானியில் கைத்தறியில் நெய்யப்படும், புவிசார் குறியீடு பெற்ற ஜமக்காளத்தில் 6க்கு 4 அடி விரிப்பு ஒன்றை வாங்கினேன். சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகள் அகலம் மாறி மாறி ஓடுகின்றன. முரட்டு நூல் என்பதால் வெறுங்காலுக்கு முதலில் சற்று உறுத்தினாலும், கனமாகப் படிந்து கிடப்பதால் ஓரம் சுருள்வதில்லை. சாயம் போகாது என்று கடைக்காரர் உறுதி கூறியிருந்தும், முதல் அலசலிலேயே சிவப்பு கசிந்து வெள்ளைக் குஞ்சங்களை இளஞ்சிவப்பாக்கியது எரிச்சலூட்டியது. தனியாகக் குளிர்ந்த நீரில் அலசி நிழலில் உலர்த்துவதே நல்லது. அதே சிவப்பில் இரண்டு திண்டு உறைகளைச் சேர்த்ததோடு நிறுத்திக்கொண்டேன். சுவரில் ஓவியம் மாட்டும் எண்ணத்தை மனைவி தடுத்தது சரிதான்.