ஒத்தவாக்கிய வேதாகமமா, பைபிள் ஆப்பா?

வசனத்தோடு வசனம் சேர்த்துப் படிக்க இரண்டில் எது நல்லது? ஆப்பை விட்டு, ஒத்தவாக்கிய வேதாகமத்துக்கு, அதாவது ஒவ்வொரு வசனத்தோடும் தொடர்புள்ள மற்ற வசனங்களை ஓரக் குறிப்புகளாகத் தரும் அச்சு வேதாகமத்துக்கு, மாறியவன் நான். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வேகம், எடை, செலவு எல்லாவற்றிலும் ஆப்தான். பஸ்ஸில் நின்றுகொண்டே பார்க்கலாம், எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அச்சில் அந்தக் குறிப்புகள் பொடி எழுத்தில் இருக்கும். வெள்ளெழுத்து வந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: குறிப்பைப் பிடித்துப் போனால் எங்கே போய் நிற்கிறோம்?

லூக்கா 4ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நாசரேத்து ஜெப ஆலயத்தில் இயேசு பழைய ஏற்பாட்டின் ஏசாயா புஸ்தகத்தை வாசிக்கிறார். ஆப்பில் 18ஆம் வசனத்தின் குறிப்பைத் தொட்டால் ஏசாயா 61:1 சின்னப் பெட்டியில் வரும். "சரி, அதேதான்" என்று மூடிவிடுவோம். அச்சில் பக்கத்தைப் புரட்டிப் போனால் கண் தானாகக் கீழே ஓடும். 61:2இல் "கர்த்தருடைய அநுக்கிரக வருஷத்தையும்" என்பதோடு வாக்கியம் முடியவில்லை. "நம்முடைய தேவன் நீதியைச் சரிக்கட்டும் நாளையும்" என்று தொடர்கிறது. இயேசுவோ அநுக்கிரக வருஷத்தோடு நிறுத்தி, புஸ்தகத்தைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு உட்காருகிறார். ஏன் அங்கே நிறுத்தினார்? ஒரு வேதபாட வகுப்பு முழுக்கப் பேச இந்தக் கேள்வியே போதும்.

மத்தேயு 27:46ம் அப்படித்தான். சிலுவையில் இயேசு "என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று சங்கீதத்தின் வரியைச் சொல்லிக் கதறும் இடம் அது. சங்கீதம் 22:1ஐ மட்டும் பார்த்தால் கைவிடப்பட்டவரின் கதறல் மட்டுமே. அதிகாரத்தைத் தொடர்ந்தால் 18இல் வஸ்திரத்துக்குச் சீட்டுப் போடுகிறார்கள். 24இல் தேவன் அந்தக் கூப்பிடுதலைக் கேட்டருளுகிறார்.

ஆப்பிலும் முழு அதிகாரத்தைத் திறக்கலாமே என்பீர்கள். திறக்கலாம்தான். திறக்கிறோமா?

கன்கார்டன்ஸ், அதாவது ஒரு சொல் வேதாகமத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவு, இந்தப் போட்டியிலேயே இல்லை. ஒரு சொல் ஞாபகம் இருந்து இடம் மறந்துபோனால் அது உதவும். இப்போது அந்த வேலைக்கு ஆப்பின் தேடலே போதும். 1908இல் வந்த தாம்சன் செயின் ரெஃபரன்ஸ் பைபிள் வேறு வகை: ஒரு தலைப்பை எடுத்தால் வசனத்திலிருந்து வசனத்துக்குச் சங்கிலியாகக் கூட்டிப்போகும். இரவல் வாங்கிக் கொஞ்சம் புரட்டியதோடு சரி, தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் பழகவில்லை.

அச்சில் இருக்கிறது என்பதற்காகக் குறிப்புகளும் வேதவாக்கு ஆகிவிடாது. 1909இன் ஸ்கோஃபீல்ட் ரெஃபரன்ஸ் பைபிள், வரலாற்றைத் தனித்தனிக் காலங்களாகப் பிரிக்கும் ஒரு போதனையையும் தன் குறிப்புகளோடு சேர்த்தே பரப்பியது.

கடைக்குப் போனால் லூக்கா 4:18ஐத் திறந்து பாருங்கள். அதிலுள்ள "நொறுங்குண்டவர்களை விடுதலையாக்கவும்" என்ற வரி ஏசாயா 58:6ஐ ஒட்டியது. ஓரத்தில் 61:1 எப்படியும் இருக்கும். 58:6ம் இருந்தால் வாங்கலாம்.