கோப்பின் பெயரைக்கூட நம்பாமல்: மண்டபம் பக்கம் ஒரு சங்கத் தளத்தில் சில வருட அனுபவம்

மண்டபம் பக்கம் விசைப்படகு உரிமையாளர்கள் சங்கம் ஒன்றுக்காக, ஆவணங்களை ஏற்றி வைக்கும் சின்ன வலைத்தளம் ஒன்றைச் சில வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். படகுப் பதிவுச் சான்று, காப்பீட்டுத் தாள், ஆதார், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம் எல்லாம் அதில் ஏறும். மற்ற மாதங்களில் தளத்தில் ஆளே இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், படகெல்லாம் கரையேறி மராமத்தில் கிடக்கும்போதுதான் சம்மாட்டிகளுக்கு (படகு உரிமையாளர்களுக்கு) விடுபட்ட தாள்களின் நினைவு வரும். பாதுகாப்புக்கென்று நான் செய்து வைத்த ஒவ்வொன்றுக்கும் அந்த இரண்டு மாதம்தான் பரீட்சை. அதில் எது உழைத்தது, எது இடத்தை மட்டும் அடைத்தது என்பதைச் சொல்கிறேன்.

என் கைக்கு வந்தபோது தளம் பிஎச்பி என்ற நிரல்மொழியில் இருந்தது. கோப்போடு சேர்ந்து வந்து அதன் வகையைச் சொல்லும் கன்டென்ட்-டைப் தலைப்பு ‘இது ஜேபெக் படம்’ என்று சொன்னால் அப்படியே நம்பும். கோப்பை அதன் சொந்தப் பெயரிலேயே, எல்லோரும் திறக்கக்கூடிய கோப்புறைக்குள் போட்டுவிடும். அதன் நகலை என் லேப்டாப்பில் ஓட விட்டு, ஒரே வரி பிஎச்பி நிரலைப் படம் என்று தலைப்பு மாற்றி கர்ல் என்ற கட்டளைக் கருவி மூலம் அனுப்பிப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் ஏறியது. அந்த முகவரியை உலாவியில் திறந்தால் நிரல் ஓடுகிறது. அந்தத் தலைப்பை எழுதுவது அனுப்புகிற ஆள்தான் எனும்போது, அதைப் பார்த்து உள்ளே விடுவதைச் சோதனை என்றே சொல்ல முடியாது.

பைத்தான் மொழியில், ஃபிளாஸ்க் என்ற வலைத்தளக் கட்டமைப்பை வைத்து மறுபடி எழுதினேன். இன்றுவரை தொல்லை தராமல் உழைப்பவை இரண்டு. ஒன்று, கோப்புகள் வெப் சர்வர் தொடும் கோப்புறைக்கு வெளியே இருக்கும். இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நாமே யூயூஐடி என்ற நீண்ட, தனித்த அடையாள எண்ணைப் பெயராக வைக்கிறோம். இந்த இரண்டு மட்டும் இருந்தாலே, ஏற்றிய நிரலை முகவரி தட்டி ஓட வைப்பதும், பெயருக்குள் ‘../’ சொருகி வேறு கோப்புறைக்குத் தாவுவதும் அடைபட்டுவிடும்.

பெயர் விஷயத்தில் தமிழில் வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு தலைவலி உண்டு. ஃபிளாஸ்க் பாடங்களில் எல்லாம் கோப்புப் பெயரைச் சுத்தம் செய்து தரும் செக்யூர்_ஃபைல்நேம் என்ற செயல்கூற்றைப் பயன்படுத்தச் சொல்வார்கள். அது ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுப்பு) அல்லாத எழுத்தையெல்லாம் தள்ளிவிடும். ‘படகு.பிடிஎஃப்’ என்று, பெயர் தமிழிலும் நீட்சி ஆங்கிலத்திலும் உள்ள கோப்பைக் கொடுத்தால் நீட்சியின் மூன்று எழுத்து மட்டும் மிஞ்சும், புள்ளிகூட இருக்காது. தமிழில் பெயர் வைத்த அத்தனை பிடிஎஃப்பும் ஒரே பெயருக்கு வந்து நிற்கும். அப்படியே சேமித்தால் ஒருவர் சான்றின் மேல் இன்னொருவர் சான்று ஏறும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற வடிவத் தேடலில் ‘எழுத்து மட்டும் போதும்’ என்று வடிகட்டினாலும் கதை அதேதான். பைத்தானின் கணக்கில் உயிர்க்குறியும் புள்ளியும் எழுத்தில் சேராது, ‘பதிவு’ போய் ‘பதவ’ வரும். போதாததற்கு, லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்தான். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘தங்கச்சிமடம்’ மட்டுமே 36 பைட் தின்கிறது. ஊர், படகு எண், அப்பா பெயர் என்று நீட்டிப் பெயர் வைப்பவர்கள் அந்த எல்லையைத் தொடுவது பெரிய காரியமில்லை. அதனால் சுத்தம் செய்கிற வேலையையே விட்டுவிட்டேன். அவர்கள் வைத்த பெயர் தரவுத்தளத்தில், காட்டுவதற்கு மட்டும். டிஸ்கில் யூயூஐடி.

யூயூஐடி இருக்கிறதே, யாரால் ஊகிக்க முடியும் என்று அனுமதிச் சோதனையை விட்டுவிடக் கூடாது. இணைப்பு வாட்ஸாப்பில் சுற்றும், சுற்றியே தீரும். எந்தக் கோப்பைக் கேட்டாலும் முதலில் ஃபிளாஸ்க் உள்நுழைந்தவர் யார் என்று பார்க்கும், பிறகு எக்ஸ்-ஆக்சல்-ரீடைரக்ட் என்ற உள் தலைப்பு வழியாகச் சொன்னதும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் எடுத்துக் கொடுக்கும். கூடவே கோப்பின் வகையை உலாவி தானாக ஊகிக்காமல் தடுக்கும் நோஸ்னிஃப் தலைப்பும், திறக்காமல் இறக்க மட்டும் செய்யும் தலைப்பும் போகும். இதுவும் தொல்லை தந்ததில்லை.

படங்களை முதல் பைட்டுகளைப் பார்த்துச் சோதிப்பது நல்லதுதான், ஆனால் அது வாசல் காவல் மட்டுமே. சரியான தொடக்கத்தை வைத்துவிட்டு உள்ளே வேறு எதையும் ஒளிக்கலாம். அதனால் பில்லோ நூலகத்தால் படத்தைப் பிரித்து, புதிய ஜேபெக்காக மறுபடி எழுதிவிடுகிறேன். ஒட்டிக்கொண்டு வந்த குப்பையும், படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பும் சேர்ந்தே போய்விடும். போனில் எடுத்த படம் எந்தப் பக்கம் நிமிர வேண்டும் என்ற குறிப்பும் அந்த ஜிபிஎஸ் குறிப்பு இருக்கும் அதே எக்ஸிஃப் பகுதியில்தான் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அதன்படி படத்தை நிமிர்த்தும் எக்ஸிஃப்_டிரான்ஸ்போஸ் முதலில் ஓடாவிட்டால் பாஸ்புக்கெல்லாம் படுத்துக் கிடக்கும். எஸ்விஜி என்ற, உரையாக எழுதப்படும் பட வகையை எடுப்பதே இல்லை. அதற்குள் ஸ்கிரிப்ட் வைக்கலாம், பாஸ்புக்கை எஸ்விஜியாக அனுப்பும் சம்மாட்டியும் இல்லை.

அதிகம் எதிர்பார்த்துக் குறைவாகக் கிடைத்தது க்ளாம்ஏவி என்ற வைரஸ் ஸ்கேனரில். ஆவணத்தில் குறைந்தது 3 ஜிபி ரேம் கேட்கிறார்கள், எங்கள் சர்வரில் இருப்பது 2. வைரஸ் பட்டியலைப் புதுப்பிக்கும்போது பழையதும் புதியதும் சேர்ந்து நினைவகத்தில் நிற்கும், இடம் போதாமல் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) க்ளாம்ஏவியையே கொன்றுவிடும். ஒரே நேரத்தில் இரண்டையும் ஏற்றும் அமைப்பை அணைத்த பிறகு பரவாயில்லை. பிடித்தது என்று பார்த்தால், பெரும்பாலும் நானே சோதனைக்குப் போட்ட 68 பைட் ஐகார் என்ற தீங்கற்ற மாதிரிக் கோப்புதான். இருந்தாலும் க்ளாம்ஏவியை நீக்கவில்லை. பிடிஎஃப்பைப் படம் போல் மறுபடி எழுத முடியாதே. க்ளாம்ஏவி பதில் சொல்லாவிட்டால் கோப்பு ‘காத்திருப்பில்’ நிற்கும், தானாக உள்ளே போகாது. அந்த ஒரு விதி இல்லாமல் ஸ்கேனர் வைப்பது வீண்.

இதையெல்லாம் விடப் பெரிய ஓட்டை சர்வரில் இல்லை. என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் வாங்காது, 413 என்று ஆங்கிலத்தில் ஒரு வெள்ளைப் பக்கம் காட்டும். இன்றைய போன் படம் பெரும்பாலும் அதற்குள் அடங்காது. “தம்பி, ஏற மாட்டேங்குது, ஒனக்கே வாட்ஸாப்ல போட்டுர்றேன்” என்று போன் வரும். அப்புறம் ஆதார் படம் என் போனிலும், சங்கக் குழுவிலும், பக்கத்து பிரவுசிங் சென்டர் கணினியிலும் கிடக்கும். எத்தனை பூட்டுப் போட்டு என்ன? எல்லையை 10 எம்பி ஆக்கி, உலாவியிலேயே படத்தைச் சுருக்கி அனுப்ப வைத்தேன். அலைபேசி சிக்னல் மெலிந்த கரையோரத்தில் அதுதான் உண்மையான உதவி. சுருக்கியதை சர்வர் நம்புவதில்லை, தன் சோதனையைத் தானே செய்யும். மறுக்கும்போது காரணத்தைத் தமிழில் ஒரே வரியில் சொல்லும்: ‘இது வேர்ட் கோப்பு. தாளைப் போட்டோ எடுத்து ஏற்றுங்கள்.’ அந்த வரிகள் வந்த பிறகு வாட்ஸாப்புக்கு வருவது நன்றாகக் குறைந்தது. பாதுகாப்புக்கு நான் எழுதியதிலேயே அதிகம் பலன் தந்த நிரல் அந்தச் செய்திகள்தான் என்று இப்போதும் சொல்வேன்.

சங்கச் செயலாளர் எல்லாவற்றையும் ஒரே ஜிப்பில் அனுப்பலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். 2018இல் வெளியான, விரிக்கும்போது கோப்பை வேறு கோப்புறைக்குத் தாவ விடும் ஜிப் ஸ்லிப் குறை, 42 கேபியில் இருந்து 4.5 பெட்டாபைட் வரை விரியும் பழைய ஜிப் குண்டு என்று கவனிக்க நிறைய இருக்கிறது. ஒரே தடவையில் பல கோப்புகளைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான் வைத்துக் கொடுத்திருக்கிறேன், அதில் அவர் வேலை முடிகிறது. பிடிஎஃப்பை இறக்காமல் தளத்திலேயே பார்க்கும் வசதியும் கேட்கிறார்கள். அந்த வேலையைச் செய்யும் நிரலைத் தனி கன்டெய்னரில் (மற்றவற்றிலிருந்து பிரித்த ஓட்டச் சூழலில்) பூட்டி வைக்க இந்த 2 ஜிபியில் இடமில்லை. இப்போதைக்கு இறக்கித்தான் பார்க்க வேண்டும்.