ஏர்ஸ்ட்ரீம் கூரையில் சோலார்: கரண்ட் அருமை, கால்கள்தான் தலைவலி

நண்பர் ஒருவர் 70களின் ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லர் (காரின் பின்னால் இழுத்துப்போகிற, அலுமினியத் தகட்டில் செய்த, கூரை வளைந்த வீட்டு வண்டி) ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். கூரையில் சோலார் போடலாமா என்று கேட்கிறார். என்னுடையது 1973 ஓவர்லேண்டர் மாடல், 27 அடி. நான்கு 100 வாட் பேனல், எம்பிபிடி கன்ட்ரோலர் (பேனலிலிருந்து முடிந்த மட்டும் கரண்டைக் கறந்து பேட்டரிக்குத் தருவது), லித்தியம் பேட்டரி. மின்சாரத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குளிர்காலத்தில் அரிசோனாவின் குவார்ட்ஸைட் பக்கம் பாலைவனத்தில் நிறுத்தினால் ஃபிரிட்ஜ், விளக்கு, தண்ணீர் பம்ப் எல்லாம் ஜெனரேட்டர் இல்லாமலே ஓடுகின்றன.

என் கோபமெல்லாம் பேனலைத் தாங்கும் கால்கள் மேல்தான்.

கடையில் கிடைக்கிற இசட் பிராக்கெட்டுக்கு (இசட் வடிவ உலோகக் கால்) அடி தட்டை. இந்தக் கூரையிலோ தட்டையான இடம் ஒரு சாண்கூடக் கிடையாது. கால் நடுவில் ஒரு கோட்டில்தான் உட்காரும். இரண்டு ஓரமும் தூக்கிக்கொண்டு நிற்கும். மாட்டிக்கொடுத்த கடைக்காரர் அந்த இடைவெளியை அடைக்க, தானே பரவிச் சமனாகிற சீலன்ட்டை (ஒழுகலை அடைக்கும் பசை) போட்டார். அது தட்டைக் கூரைக்கானது. சரிவில் மெழுகு மாதிரி வழிந்துபோய், ஸ்க்ரூவைச் சுற்றி மெல்லிய தோல்தான் மிஞ்சியது. அடுத்த பெருமழையில் கட்டிலுக்கு மேலே சொட்டு. காலைக் கழற்றினால் துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி. ஈரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும் அலுமினியமும் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம்தான். தகடே 0.8 மில்லிமீட்டர், அதில் அரிக்க என்ன இருக்கிறது!

இப்போது ஒவ்வொரு காலுக்கும் அடியில் கூரையின் வளைவுக்கே வளைத்த அலுமினியப் பட்டை, ஸ்க்ரூவுக்குப் பதில் ரிவெட், வழியாத பாலியூரித்தேன் சீலன்ட். ஒழுகல் நின்றுவிட்டது. ஆனாலும் மழைக்கு முன்னால் ஏணி போட்டு ஒவ்வொரு காலையும் விரலால் தடவிப் பார்க்காமல் தூக்கம் வருவதில்லை.

வளையும் பேனலை ஒட்டிவிட்டால் என்ன என்பீர்கள். அடியில் காற்றோட்டம் இல்லாமல் கொதிக்கும். பேனலின் சூடு 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் உற்பத்தி போய்விடும். அது வேண்டாம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டிசம்பரில் குவார்ட்ஸைட்டில் உச்சிவெயிலே அடிவானத்திலிருந்து 33 டிகிரிதான். டிரெய்லரைக் கிழக்கு மேற்காக நிறுத்தினால் வளைவின் தெற்குப் பக்கத்து இரண்டு பேனலும் சூரியனைப் பார்த்தே சாய்ந்திருக்கும். சாய்க்கும் சட்டத்துக்குத் தனிச் செலவில்லை. வடக்குப் பக்கத்து இரண்டும் சோம்பேறிகள். நான்கையும் ஒரே தொடராக இணைத்தால் அவை மற்றதையும் கீழே இழுக்கும். பேரலலில் இணையுங்கள்.

சரி, போடலாமா? போடாதீர்கள். மடக்கிப் பெட்டி மாதிரி தூக்கிப்போகிற பேனலை வாங்கித் தரையில் வெயிலில் வையுங்கள். டிரெய்லர் நிழலில் நிற்கட்டும். ஐம்பது வருஷத்துத் தகட்டில் எதற்குத் துளை?

என்னுடையதை மட்டும் கழற்றச் சொல்லாதீர்கள். பேனல் விலை வேறு குறைந்திருக்கிறது. பின்பக்கம் இன்னொன்றுக்கு இடம் இருக்கிறதா என்று நேற்று அளந்து பார்த்தேன். இருக்கிறது. இன்னும் நான்கு கால் வைக்க வேண்டுமே என்றுதான் யோசனை.