நொட்டேஷன் டைப் செய்யக் கொடுப்பவர்கள் முதலில் தாள வாத்தியப் பக்கத்தைப் பாருங்கள்

கையால் எழுதிய ஸ்கோரை (எல்லா வாத்தியங்களுக்குமான இசைக் குறிப்பை) டைப் செய்து, வாத்தியம் வாரியாகப் பார்ட் (ஒவ்வொருவரும் பார்த்து வாசிக்கும் தனிப் பக்கம்) எடுத்துத் தருவதாக விளம்பரம் செய்கிறவர்களிடம் வேலை கொடுக்கப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். எல்லோரும் அப்படி இல்லை, ஒழுங்காகச் செய்கிறவர்களையும் எனக்குத் தெரியும். நான் மாட்டிக்கொண்டது வேறு மாதிரி ஆட்களிடம். பெயர் இங்கே வேண்டாம்.

ஒரு நாட்டிய நாடகத்துக்கு எழுதிய இசை. வயலின்கள், புல்லாங்குழல், கிளாரினெட், கூடவே தாள வாத்தியத்துக்கு மூன்று பேர். முதலாமவர் ஸ்நேர் டிரம், ட்ரையாங்கிள், உட்பிளாக் மூன்றையும் மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும். இரண்டாமவருக்கு பாஸ் டிரம், தொங்கவிட்ட சிம்பல், டாம்பரின். மூன்றாமவருக்கு உடுக்கையும் கஞ்சிராவும். எந்த இடத்தில் யார் எதை எடுக்க வேண்டும் என்று பிரதியிலேயே சிவப்பு மையில் எழுதியிருந்தேன். கேட்டுப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று டெமோவின் மிடி ஃபைலையும் (எந்த ஒலி எப்போது வர வேண்டும் என்று எண்களாகப் பதிவான கணினிக் கோப்பு) அனுப்பினேன். பாதிப் பணம் முன்பணமாகப் போனது.

சொன்ன தேதி தள்ளித் தள்ளிப் போய், ஒத்திகைக்கு முந்தின இரவுதான் பிடிஎஃப் வந்தது. வயலின் பக்கங்கள் அச்சுப் புத்தகம் மாதிரி இருந்தன. தாளக்காரர்கள் மூவருக்கும் வந்தது ஒரே பக்கம். தலைப்பில் ‘டிரம்செட்’, ஐந்து கோடு, அதில் உருண்டைத் தலையும் பெருக்கல் குறித் தலையுமாக நோட்டுகள். எந்த வாத்தியத்தின் பெயரும் எங்கேயும் இல்லை. “சார், மேலே இருக்கிற இந்தப் பெருக்கல் குறி ஹை-ஹாட்டா, ட்ரையாங்கிளா?” என்று ஸ்நேர் வாசிப்பவர் கேட்டார். என் ஸ்கோரில் ஹை-ஹாட்டே கிடையாது. அரங்க வாடகையும் கலைஞர்களின் சம்பளமும் ஓடிக்கொண்டிருக்க, அந்தக் காலை முழுவதும் பென்சிலால் பெயர் எழுதுவதிலேயே போனது.

வயலினுக்கு வரியின் தொடக்கத்தில் கிளெஃப் என்ற குறி ஒன்றைப் போட்டாலே எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று முடிவாகிவிடும். தாள வாத்தியத்துக்குப் போடும் இரட்டைத் தடிக்கோட்டு கிளெஃப், ‘இங்கே சுருதி இல்லை’ என்று மட்டும்தான் சொல்லும். டிரம்செட் வாசிப்பவர்களுக்கு ஓரளவு பழகிய இடங்கள் உண்டு. ஒருவரே பல வாத்தியம் மாற்றி வாசிக்கும் பார்ட்டில் அந்தப் பழக்கம் கைகொடுக்காது. பெயர் எழுதினால்தான் உண்டு.

மறுநாள் கேட்டதற்கு, லேபிள் போடுவது தனி வேலையாம், அதற்குத் தனிக் கட்டணமாம். சண்டை போட்ட பிறகு ஒரு பக்கம் திருத்தி அனுப்பினார்கள். அதில் உடுக்கை ‘பாங்கோ’ ஆகியிருந்தது, கஞ்சிரா ‘டாம்பரின்’ ஆகியிருந்தது. அப்போதுதான் விஷயம் விளங்கியது. டெமோவில் மூன்று பேருடைய தாளமும் ஒரே ட்ராக்கில், மிடியில் தாளத்துக்கென்று ஒதுக்கிய 10-ஆம் சேனலில் இருந்தது. உடுக்கை ஒலியை 60, 61-ஆம் எண் கட்டைகளிலும் கஞ்சிராவை 54-இலும் வைத்திருந்தேன். எந்த எண்ணுக்கு எந்த ஒலி என்று வகுத்து 1991-இல் வந்த ஜெனரல் மிடி வரையறையில் தாள ஒலிகள் 35 முதல் 81 வரை, மொத்தம் 47. அதில் 60, 61 பாங்கோ, 54 டாம்பரின். உடுக்கைக்கும் கஞ்சிராவுக்கும் அந்தப் பட்டியலில் இடமே இல்லை. ஆக, தாளப் பகுதிக்கு என் கையெழுத்துப் பிரதியை அவர்கள் திறந்தே பார்க்கவில்லை. மிடியை மென்பொருளில் இறக்கி, வந்ததை அப்படியே பிடிஎஃப் ஆக்கியிருக்கிறார்கள். இதைத்தான் ‘டைப்செட்டிங்’ என்று விற்கிறார்கள்.

இவ்வளவுக்கும் பெயர் போடுவது பெரிய வேலை இல்லை. நொட்டேஷன் மென்பொருளான மியூஸ்ஸ்கோர் இலவசம்தான். அதில் ஸ்டாஃபின் (நோட்டு எழுதும் கோட்டு வரியின்) பண்புகளைத் திறந்தால் நீளப் பெயர், சுருக்கப் பெயர் இரண்டும் கொடுக்கலாம். முதல் வரிசையில் நீளப் பெயர் வரும், அடுத்தடுத்த வரிசைகளில் சுருக்கம். டோரிக்கோ என்ற இன்னொரு மென்பொருளில் ஒருவருடைய வாத்தியங்களை ஒரு தொகுப்பாகச் சேர்த்துவிட்டால், அதையே ஐந்து கோட்டிலும் காட்டலாம், வாத்தியத்துக்கு ஒரு கோடாகவும் காட்டலாம். வாத்தியம் மாறுகிற குறிப்பை அடுத்த நோட்டின் தலைமேல் போடக் கூடாது. முந்தைய வாத்தியம் முடிந்து ஓய்வு தொடங்கும் இடத்திலேயே போட வேண்டும், அப்போதுதான் குச்சியை வைத்துவிட்டு ட்ரையாங்கிளை எடுக்க நேரம் கிடைக்கும். ‘சிம்.’ என்று மட்டும் எழுதினால் போதாது. தொங்குவதா, ஜோடியா என்று தெரிய வேண்டும்.

மூல ஃபைலைக் கேட்டேன். “ஃபினாலேயில் செய்தது, அந்த மென்பொருளே நின்றுவிட்டது, உங்களால் திறக்க முடியாது” என்றார்கள். ஃபினாலேயை இனி மேம்படுத்தப் போவதில்லை என்று அதன் நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்தது உண்மைதான். ஆனால் அதிலிருந்து, வேறு மென்பொருள்களிலும் திறக்கக்கூடிய மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்ய முடியும். அதையும் தரவில்லை.

இப்படிப்பட்டவர்களிடம் மாதிரி கேட்டால் வயலின் பக்கத்தைத்தான் அனுப்புவார்கள். ஒருவரே மூன்று வாத்தியம் வாசிக்கும் தாளப் பார்ட் ஒன்றைக் கேளுங்கள். பிடிஎஃபோடு மூல ஃபைலும் மியூசிக்எக்ஸ்எம்எல்லும் தருவோம் என்று முன்பணத்துக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். மியூசிக்எக்ஸ்எம்எல் வழியாக மாற்றும்போது தாள வாத்தியப் பெயர்களும் நோட்டுத் தலைகளும் குழம்புவது உண்டு, அதனால் கைக்கு வந்ததும் திறந்து பார்த்துவிடுங்கள். மீதிப் பணம் கேட்டு எனக்கு இன்னும் செய்தி வந்துகொண்டிருக்கிறது. மூல ஃபைல் வராமல் கொடுப்பதாக இல்லை. தாளப் பகுதி முழுவதையும் நானே மறுபடி டைப் செய்து, அடுத்த ஒத்திகைக்கு முன்பே மூவருக்கும் தனித்தனியாக அனுப்பிவிட்டேன்.