கமோடு நாற்காலியா, உயரம் கூட்டும் சீட்டா?

மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு நாள் குறித்ததுமே கழிவறையைக் கவனியுங்கள்; பிறகு தாழ்வாக உட்கார்ந்து எழுவது சிரமம். வெஸ்டர்ன் டாய்லெட் இருந்தால், அதன்மேல் பொருத்தும் 4 முதல் 6 அங்குல சீட் இடத்தை அடைக்காது. ஆனால் கைப்பிடி இல்லாததை வாங்காதீர்கள்: எழும்போது கை தானாக வாக்கரைப் பிடித்து இழுக்கும், வாக்கர் கவிழும். பக்கத் திருகு தளர்ந்தாலும் சீட் நழுவும்.

இந்தியன் டாய்லெட் மட்டும் உள்ள வீட்டுக்குக் கமோடு நாற்காலிதான் (இருக்கையில் துளை வைத்த, மலம் கழிக்க உதவும் நாற்காலி). இரவில் கட்டிலருகே போட்டுக்கொள்ளலாம், அது பெரிய வசதி. நான்கு கால்களையும் ஒரே உயரத் துளையில் பூட்டுங்கள். உட்கார்ந்தால் முட்டி இடுப்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். அடி ரப்பர் தேய்ந்திருந்தால் ஈர டைல்ஸில் வழுக்கும். வாடகைக்கு எடுப்பவர்கள் முதலில் நாற்காலியைக் கவிழ்த்து அதைத்தான் பார்க்க வேண்டும்.